திருமலைப் பாறையும் தமிழ்க் கலைச்சொல்லும்: நிலவியல், சுரங்கவியல் சொல்லாக்கம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

அறிவியற்றமிழ் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இயற்பியல், வேதியியல், மருத்துவம், கணினியியல் ஆகிய துறைகளின் சொற்களையே எடுத்துக்கொள்கின்றன. பாறை, கனிமம், சுரங்கம் ஆகியவற்றைச் சார்ந்த சொற்கள் அந்த அளவிற்கு ஆராயப்பெறவில்லை. நிலத்தை ஐந்தாகப் பகுத்து அதற்கு இலக்கணமும் கண்ட மொழியில் இஃது ஒரு குறையே எனலாம். நிலவியல், சுரங்கவியல் துறைகளில் இன்று வழங்கும் தமிழ்ச் சொற்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை பொருளை உணர்த்தும் திறத்தினை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்மதிப்பீட்டிற்குச் சித்தூர், திருப்பதி நிலப்பகுதி உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது. அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, புவியின் தொல்வரலாற்றில் நேர்ந்த மிகப்பெரும் இடைவெளியொன்றைத் திருமலைக்குச் செல்லும் மலைப்பாதையோரத்தில் கண்ணாற் காணலாம். இரண்டாவது, குப்பத்தை அடுத்த சிகுருகுண்டா, பிசாநத்தம் ஆகிய இடங்கள் கோலார்த் தங்கப் பாறைப்பட்டையின் தென்தொடர்ச்சியாகும். கோலார்த் தங்கவயலில் உழைத்தவர்களுள் பெரும்பகுதியினர் சித்தூர், வடஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள். மூன்றாவது, வடஆர்க்காட்டின் பகுதிகளையும் கடப்பை மாவட்டத்தின் பகுதிகளையும் இணைத்து 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இருமொழி நிலம். 2022இல் திருப்பதி தனி மாவட்டமான பின்னும் இவ்வியல்பு மாறவில்லை. ஒரே பாறைக்கு இரு மொழியினர் இட்ட பெயர்களை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம்.

1. துறையின் பெயர்

ஒரு துறையின் சொற்களை ஆராயப் புகுவோர் முதலில் அத்துறையின் பெயரை நோக்குதல் முறை. இங்கே தொடக்கத்திலேயே தடுமாற்றம் எழுகிறது. 'ஜியாலஜி' என்பதற்கு நிலவியல், புவியமைப்பியல், புவிப்பொதியியல், நிலப்பொதியியல், மண்ணியல் எனப் பல பெயர்கள் தமிழ்நாட்டில் வழங்கியுள்ளன. இலங்கைத் தமிழர் புவிச்சரிதவியல் என்பர். இவையனைத்தினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் 'புவியியல்' என்பது 'ஜியாகிரஃபி'யைக் குறிக்கும். ஆனால் குவாரி உரிமம் முதலியவற்றைக் கவனிக்கும் அரசுத் துறையோ 'புவியியல் மற்றும் சுரங்கத்துறை' எனப் பெயர் பெற்றது. வகுப்பறையில் நிலப்படமும் பருவக்காற்றும் படித்த துறையே கற்குவாரிகளுக்கு உரிமம் வழங்குகிறதோ என மாணவன் ஐயுற்றால் அதனைப் பிழையெனல் ஆகாது.

அண்டை மொழியாகிய தெலுங்கில் இத்தடுமாற்றம் இல்லை. 'பூகோள சாஸ்திரம்' ஒன்று. 'பூகர்ப்ப சாஸ்திரம்' மற்றொன்று. கோளத்தின் மேற்பரப்பை அறிவது முன்னது. அதன் கருப்பையை, அதாவது உள்ளீட்டை, அறிவது பின்னது. இரண்டும் வடசொற்களே எனினும், வேறுபாடு பெயரிலேயே விளங்குகிறது. தனித்தமிழ்ச் சொல்லை நாடியது நம் குற்றமன்று. நாடியபோது இரு துறைகளுக்கும் ஒரே சொல் சென்று சேர்வதைக் காவாமையே குற்றம்.

இப்பெயர்களுள் இலங்கையாரின் புவிச்சரிதவியல் தனித்து எண்ணத்தக்கது. 'பொதி' என்னும் சொல் நிலத்தை ஒரு மூட்டையாகக் காட்டுகிறது. 'அமைப்பு' என்பது அதனைக் கட்டடமாகக் காட்டுகிறது. 'சரிதம்' ஒன்றே அதனை நிகழ்ச்சிகளின் தொடராகக் காட்டுகிறது. பாறையை வரலாற்று ஆவணமாகப் படிப்பதே இத்துறையின் உயிர்நிலை. நிலவியல் என்னும் சொல் எளிமையும் பரவலான வழக்கும் உடையதாதலின் இக்கட்டுரை அதனையே ஆள்கிறது. ஆயினும் 'சரிதம்' தந்த குறிப்பை மறத்தலாகாது. அடுத்து வரும் சொல்லை மதிப்பிட அக்குறிப்பே துணையாகும்.

2. திருமலையில் ஓர் இடையறவு

திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில், சாலைக்காக வெட்டப்பட்ட பாறைமுகத்தில், இரு வேறு பாறைகள் ஒன்றன்மேலொன்று அமைந்திருக்கக் காணலாம். கீழே இருப்பது ஆர்க்கேயக் காலத்துக் கிரானைட்டுப் பாறை. மேலே அடுக்கடுக்காய் அமைந்திருப்பது நகரிக் குவார்ட்சைட்டு. அதாவது, ஆதி மணற்படிவு இறுகி உருமாறிய பாறை. இது கடப்பைப் பாறைத்தொகுதியைச் சேர்ந்தது. சமையலறை மேடைக்கு நாம் இடும் கடப்பைக்கல்லும் அக்கடப்பைப் படுகை தந்த சுண்ணாம்புக்கல்லே என்பதை நினைவிற் கொண்டால், இப்பாறைத்தொகுதி தமிழ் வாசகருக்கு அயலானதன்று என்பது விளங்கும்.

கீழ்ப்பாறைக்கும் மேற்பாறைக்கும் இடையிலுள்ள கோடு பார்வைக்கு எளியது. ஆனால் அக்கோட்டில் அடங்கியுள்ள காலம் ஐம்பது கோடி ஆண்டுகளுக்குக் குறையாதது. கீழ்ப்பாறை புவியின் ஆழத்தில் உருகிய குழம்பிலிருந்து இறுகியது. மேலே இருந்தவை அரிக்கப்பட்டு நீங்க, அது நிலத்தின் மேற்பரப்பிற்கு வந்தது. அதன்பின் நெடுங்காலம் கழித்தே அதன்மேல் மணல் படிந்தது. அந்நெடுங்காலத்திற்குச் சான்று கூறும் படிவு எதுவும் அவ்விடத்தில் இல்லை. 'எபார்க்கேயன் அன்கன்ஃபார்மிட்டி' என நிலவியலார் வழங்கும் இவ்விடத்தை இந்திய நிலவியல் அளவைத் துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களுள் ஒன்றாக அறிவித்துள்ளது.

இந்த 'அன்கன்ஃபார்மிட்டி' என்பதனைத் தமிழில் எவ்வாறு கூறுவது? சொல்லுக்குச் சொல் பெயர்ப்போர் கைக்குப் பொருந்தாமை, இணக்கமின்மை, ஒவ்வாமை, இசைவின்மை என்பனவே வந்து சேரும். இவற்றுள் ஒவ்வாமை மருத்துவத்துறைக்கு உரியதாகிவிட்டது. ஏனையவற்றில் உள்ள குறை இன்னும் ஆழமானது. இச்சொற்கள் இரு பாறைகளும் ஒன்றோடொன்று பிணங்கி நிற்பதாகக் கூறுகின்றனவேயன்றி, நிகழ்ந்தது என்ன என்று கூறவில்லை. பாறைகளுக்கிடையே பிணக்கு ஏதுமில்லை. திருமலையில் மேற்பாறை கீழ்ப்பாறைமேல் நன்கு பொருந்தியே அமர்ந்திருக்கிறது. இல்லாமற் போனது காலத்தின் சான்று. ஆங்கிலச் சொல்லும் இக்குறையுடையதே. ஆயினும் இரு நூற்றாண்டுப் பயிற்சி அக்குறையை ஈடுசெய்துவிட்டது. பயிற்சியின் துணையின்றிப் புதிதாகப் பிறக்கும் தமிழ்ச்சொல், தானே பொருள் தந்தாக வேண்டும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. நிலவியலார் இவ்விடைவெளியை நான்கு வகையாகப் பகுப்பர். சாய்ந்த அடுக்குகள்மேல் புதிய அடுக்குகள் வேறு கோணத்தில் படிவது ஒன்று. ஒருபோகாய் அமைந்த அடுக்குகளுக்கிடையே அரிப்பின் சுவடு மட்டும் காணப்படுவது மற்றொன்று. தீப்பாறையின்மேலோ உருமாறிய பாறையின்மேலோ படிவுப்பாறை அமர்வது மூன்றாவது. திருமலையில் உள்ளது இதுவே. அரிப்பின் சுவடும் புலப்படாமல், தொல்லுயிர் எச்சம் முதலிய சான்றுகளால் மட்டுமே காலக்குறைவு அறியப்படுவது நான்காவது. ஆங்கிலத்தில் பொதுப்பெயரும் வகைப்பெயர்களும் முன்னொட்டு வேறுபாட்டால் பிரிக்கப்படுகின்றன. தமிழில் எதிர்மறை ஈறு 'இன்மை' அல்லது 'ஆமை' என்பதாகவே அமைவதால், இவற்றை எழுத்தெண்ணிப் பெயர்த்தால் எல்லாம் ஒரே சொல்லாகிவிடும்.

இதற்கு மாற்றாக 'இடையறவு' என்னும் சொல்லை இக்கட்டுரை முன்வைக்கிறது. 'இடையறாத மழை', 'இடையறாது உழைத்தான்' என்னும் தொடர்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. அதன் உடன்பாட்டு வடிவம் தொடர்ச்சி அறுபட்டதைக் காட்டும். படிவு இடையறவு என்பது பொதுப்பெயர். கோண இடையறவு, அரிப்பு இடையறவு, அடிப்பாறை இடையறவு, மறை இடையறவு என்பன முறையே வகைப்பெயர்கள். 'எபார்க்கேயன்' என்பதில் முன்னொட்டு 'மேல்' என்னும் பொருளது. ஆதலின் திருமலையில் உள்ளதை 'ஆர்க்கேயமேல் இடையறவு' எனலாம். பாறை பிளந்து இடம்பெயர்வதும் ஒருவகை இடையறவன்றோ என்று வினவலாம். அது பாறையின் பெயர்ச்சி. பிளவுப் பெயர்ச்சி என அதற்குத் தனிப்பெயர் உண்டு. இடையறவோ படிதலாகிய செயலின் முறிவு. 'படிவு' என்னும் அடை அவ்வையத்தை நீக்கும்.

திருமலையிலேயே இதற்கு எதிர்மறையான ஓர் எடுத்துக்காட்டும் உள்ளது. கோயிலுக்கு வடக்கே, சக்கரதீர்த்தத்தின் அருகில், காற்றும் நீரும் அரித்தமையால் குவார்ட்சைட்டில் இயல்பாக அமைந்த வளைவினை மக்கள் 'சிலாதோரணம்' என்கின்றனர். இதுவும் நிலவியல் நினைவுச்சின்னமே. இயற்கை வளைவு என்னும் பாடநூற் சொல்லினும் சிலாதோரணம் என்பது பொருளை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு பெயரைப் பாறையின்முன் நின்றவர்கள் இட்டனர். மற்றொன்றை ஆங்கிலச் சொல்லின்முன் நின்றவர்கள் ஆக்கினர். இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

3. சொல்லின்முன் நின்ற பெயர்ப்புகள்

சுரங்கத் தொழிலின் ஆங்கிலச் சொற்கள் தொழிலாளர் பேச்சில் பிறந்தவை. அவற்றின் நேர்ப்பொருளை மட்டும் பெயர்ப்பது எவ்வளவு ஏதம் தரும் என்பதைச் சில சொற்களால் விளக்கலாம்.

'கன்ட்ரி ராக்' என்பது தாதுவைச் சூழ்ந்துள்ள பயனற்ற பாறை. அதனை 'நாட்டுப்பாறை' என்றால் தமிழில் நாட்டுக்கோழி, நாட்டுச்சர்க்கரை என்பன போல உள்ளூர் வகையைக் குறிப்பதாகிவிடும். 'சூழ்பாறை' என்பதே தகும். 'ரீஃப்' என்பது கடலியலில் நீரடித் திட்டு. தங்கச் சுரங்கத்திலோ தாதுவைக் கொண்ட பாறைப்பட்டை. கோலார்த் தங்கவயலில் 'சாம்பியன் ரீப்' என்னும் ஊர்ப்பெயரைத் தமிழர் நாள்தோறும் வழங்குவர். அங்கே பவளமும் இல்லை, கடலும் இல்லை. 'ஹேங்கிங் வால்', 'ஃபுட் வால்' என்பன சாய்வான தாதுப்பட்டையின் இருபுறச் சுவர்கள். அப்பட்டையைக் குடைந்து செல்லும் தொழிலாளியின் தலைக்குமேல் இருப்பது முன்னது. காலடியில் இருப்பது பின்னது. 'தொங்கு சுவர்' எனின், விழும் நிலையில் தொங்குவது என்று அஞ்சத் தோன்றும். 'கால் சுவர்' எனின் நாலில் ஒரு பங்கு எனவும் பொருள்படும். மேற்சுவர், கீழ்ச்சுவர் என்பன குற்றமற்றவை.

கிரானைட்டு என்னும் சொல்லின் நிலை வேறானது. நிலவியலில் அது குறிப்பிட்ட கனிமக் கூட்டுடைய ஒரு தீப்பாறை. வணிகத்திலோ மெருகேற்றத்தக்க வன்பாறை எதுவாயினும் கிரானைட்டே. சித்தூர்ப் பகுதியில் வெட்டப்படும் கருநிறக் கிரானைட்டு பெரும்பாலும் டோலரைட்டு என்னும் பிறிதொரு பாறை. 'கருங்கல்' என்னும் நம் பழஞ்சொல்லும் வணிகச்சொல்லைப் போல் பரந்த பொருளுடையதே. சாம்பல் நிறக் கிரானைட்டும் சார்னகைட்டும் அதனுள் அடங்கும். ஆதலின் கிரானைட்டு என்பதற்குக் கருங்கல் என்று அகராதியில் எழுதுவது பொதுமக்களுக்குப் போதும், ஆய்வாளருக்குப் போதாது. பாறை வகைகளின் சிறப்புப்பெயர்களை ஒலிபெயர்த்து ஆள்வதில் இழுக்கில்லை. பிறமொழிச் சொல் தமிழ் எழுத்தொடு புணர்ந்து வருவதற்குத் தொல்காப்பியமே வழிகாட்டியுள்ளது.

சுரங்கம் என்னும் சொல்லையும் இங்கே நோக்கவேண்டும். சிலப்பதிகாரத்தில் 'சுருங்கை' என வரும் சொல் நிலத்தடி வழியைக் குறிக்கும். தெலுங்கில் 'சொரங்கம்' என்பது இன்றும் குடைந்த வழியே. கனிமம் எடுக்கும் இடம் 'கனி' எனத் தனியே பெயர்பெறும். தமிழில் சுரங்கம் இரண்டையும் குறிக்கலாயிற்று. அதனினும் மேலாய், நெய்வேலியில் வானம் பார்க்கத் திறந்து கிடக்கும் பழுப்பு நிலக்கரிக் குழியும் சுரங்கமாயிற்று. சொல்லின் மூலத்தை நோக்கின் 'திறந்தவெளிச் சுரங்கம்' முரண்தொடரே. ஆனால் பல்லாயிரவர் பேசி நிலைத்துவிட்ட வழக்கை மூலம் காட்டி மறுத்தல் இயலாது; மறுத்தலும் வேண்டா. சுரங்கம் என்பதனைக் கனிமம் எடுக்கும் இடத்திற்கே விட்டுவிட்டு, வழியைச் சுரங்கவழி, சுரங்கப்பாதை என அடைகொடுத்து வேறுபடுத்துவதே தக்கது. மக்கள் வழக்கும் அவ்வாறே சென்றுள்ளது.

4. சொல்லும் உயிரும்

இதுகாறும் கூறியவை கற்போருக்கு நேரும் இடர்ப்பாடுகள். சுரங்கத்தில் சொற்குழப்பம் உயிரிழப்பில் முடியவும் கூடும்.

கோலார்த் தங்கவயலில் 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தொடங்கிய பணி, 2001 பிப்ரவரி இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்படும்வரை நடந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டியது. அவ்வாழத்தில் பாறை பெரும் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. தாதுவை வெட்டி எடுத்து வெற்றிடம் உண்டாக்கும்போது அவ்வழுத்தம் சுற்றியுள்ள பாறைமேல் திரள்கிறது. தாங்கும் எல்லை கடந்ததும் பாறை திடீரெனச் சிதறிப் பாய்கிறது. நிலநடுக்கம் போன்ற அதிர்வும் உடன் எழும். இதனை முற்காலச் சுரங்க அறிக்கைகள் 'ஏர் பிளாஸ்ட்' எனக் குறித்தன. பெயர் காற்றைச் சுட்டினும் வினை பாறையினுடையது. பிற்கால நிலவியலார் 'ராக் பர்ஸ்ட்' எனத் திருத்தி வழங்கினர்.

இதனைத் தமிழில் 'பாறை வெடிப்பு' எனப் பெயர்ப்பது எளிது. ஆனால் தமிழில் வெடிப்பு என்பது என்ன? கோடையில் வயல் வெடித்தது, பித்தவெடிப்பு என்னுமிடங்களில் அது விரிசல். பாறைக்கு வெடி வைத்தான் என்னுமிடத்தில் அது மனிதன் மருந்திட்டுத் தகர்ப்பது. மூன்றாவதாக, பாறை தானே சிதறுவதையும் அச்சொல்லின்மேல் ஏற்றினால், 'பாறை வெடிப்பு: எச்சரிக்கை' என்று எழுதிய பலகை மூன்று வேறு செய்திகளைச் சொல்லும். விரிசல் எனின் மேற்பார்வையாளரை அழைத்துக் காட்டவேண்டும். வெடிவைப்பு எனின் குறித்த நேரத்தில் விலகிப் பின் திரும்பலாம். சிதறல் எனின் அப்பகுதியை அணுகவே கூடாது. ஒரு பலகையைப் படித்தவர் மூவர் மூன்று விதமாக நடப்பர். அவர்களுள் ஒருவரே காப்பாற்றப்படுவார்.

ஆதலின் இம்மூன்றையும் விரிசல், வெடிவைப்பு, பாறைத்தெறிப்பு என வேறுபடுத்தி ஆள்வது இன்றியமையாதது. தெறித்தல் என்னும் வினை தானே நிகழ்வது, திடீரென நிகழ்வது, துண்டுகள் பாய்வது ஆகிய மூன்றனையும் ஒருங்கே உணர்த்தும். சட்டச் சுருக்கங்களை ஆங்கிலத்திலும் விதிக்கப்பட்ட பிற மொழிகளிலும் சுரங்கத்தின் அருகே ஒட்டிவைக்க வேண்டும் என 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் கோரியது. தொழிலாளியின் மொழியில் எழுத வேண்டும் என்னும் அவ்வறநோக்கு, எழுதிய சொல் ஒருபொருட்கே உரியதாக இருந்தாலன்றி நிறைவேறாது. கோலார் மூடப்பட்டாலும் கற்குவாரிகள் மூடப்படவில்லை. அங்கு உழைப்போருக்கும் இது பொருந்தும்.

5. மக்கள் வழக்கு என்னும் களஞ்சியம்

தமிழ்க் கலைச்சொல்லாக்கம் நூறாண்டு கடந்த வரலாறுடையது. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொற்களுக்கென இதழ் நடத்தினர். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் பாடத்துறைச் சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. இம்முயற்சிகள் பள்ளிப் படிப்பைத் தமிழில் தருதல் என்னும் உயர்ந்த நோக்கமுடையவை. அந்நோக்கம் பெரிதும் நிறைவேறவும் செய்தது. ஆனால் அவை வகுப்பறையை நோக்கியவையாதலின், கிணறு வெட்டுவோர், கல்லுடைப்போர், சுரங்கத் தொழிலாளர் ஆகியோரின் வழக்கு உரிய அளவில் இடம்பெறவில்லை.

அவ்வழக்கு வறியதன்று. வெள்ளை நிறக் குவார்ட்சு வெங்கச்சங்கல் எனப்படுகிறது. கோலாரில் தங்கம் பொதிந்திருந்ததும் குவார்ட்சுப் பட்டைகளிலேதான். சுண்ணாம்புச் சத்துள்ள கட்டி சுக்கான்கல். மென்மையாய்ச் சட்டி கடையத்தக்கது மாக்கல். மின்னும் அபிரகம் காக்காப்பொன். துளைபட்டுச் சிவந்தது செம்புறாங்கல். சிற்பநூல் மரபு ஓசையைக் கொண்டு ஆண்கல், பெண்கல், அலிக்கல் எனப் பகுத்தது. நிலவியல் நோக்கில் இப்பகுப்பு பாறையின் வகையைக் கூறாது. அதன் செறிவையும் குறையையும் கூறும். சுரங்கத்திலும் மேற்பாறையைக் கம்பியால் தட்டி, ஓசை கேட்டு, பாறை தளர்ந்துள்ளதா என்று அறிவது உலகெங்கும் உள்ள முறை. கல்லைத் தட்டிக் கேட்கும் இம்மரபுடைய மொழியில் அச்சோதனைக்குச் சொல் இல்லை என்பது பொருந்தாது. தேடப்படவில்லை என்பதே உண்மை.

தங்கவயலில் மூன்று நான்கு தலைமுறையாகத் தமிழர் சுரங்கத்திற்குள் பேசிய மொழி இன்று முதியோர் நினைவில் மட்டுமே வாழ்கிறது. அதனுட் பெரும்பகுதி ஆங்கிலச் சொற்களின் திரிபாகவே இருப்பினும், அத்திரிபும் தொழிலாளர் எதனை எதனினின்று வேறுபடுத்தி உணர்ந்தனர் என்பதைக் காட்டும். குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் உள்ளது. திருப்பதியில் திருவேங்கடவன் பல்கலைக்கழகத்தில் நிலவியலும் தமிழும் தெலுங்கும் பயிலப்படுகின்றன. இச்சொற்களைத் தொகுக்க இவற்றினும் தகுந்த இடமில்லை. சொல்வோர் மறையுமுன் தொகுத்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் நிலவியல், சுரங்கவியல் சொற்களை மதிப்பிட மூன்று வினாக்கள் பெறப்படுகின்றன. சொல் நிகழ்ந்ததைக் கூறுகிறதா, அன்றி ஆங்கிலச் சொல்லை மட்டும் கூறுகிறதா? தன் அண்டைச் சொற்களினின்று அது வேறுபட்டு நிற்கிறதா? அதனைக் கேட்டுச் செயற்பட வேண்டிய தொழிலாளிக்கு அஃது ஒரு பொருளையே தருகிறதா? பொருந்தாமை முதல் வினாவில் தோற்கிறது. புவியியல் இரண்டாவதில் தோற்கிறது. பாறை வெடிப்பு மூன்றாவதில் தோற்கிறது. சிலாதோரணமும் வெங்கச்சங்கல்லும், கேட்போருக்கு ஒரு பொருளையே தருவதால், வெல்கின்றன.

இங்கு முன்வைக்கப்பட்ட இடையறவு, சூழ்பாறை, பாறைத்தெறிப்பு முதலியன முடிந்த முடிபுகள் அல்ல. இவற்றினும் சிறந்தவை கிட்டுமாயின் அவற்றைக் கொள்வதே முறை. ஆயின் அவற்றைத் தேடுவோர் அகராதியைத் திறக்குமுன் ஒருமுறை திருமலைப் பாதையில் அப்பாறைமுகத்தின் எதிரே நின்று, மேலும் கீழும் நோக்கி, இடையில் என்ன நேர்ந்தது என்று தமக்குத் தாமே தமிழில் சொல்லிப் பார்த்தல் நலம். அவ்வாறு சொல்லும்போது வாயில் வரும் சொல்லே பெரும்பாலும் கலைச்சொல்லாகத் தகுதியுடையதாக இருக்கும்.